மஞ்சள் தண்ணீர் போன வழி

பாரிஸ் லாஷப்பலில், மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கிட்டே நான் கோழி வெட்டிய கடையில், கழுவாமல் ஒரு துண்டும் வெளியே போகாது. மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டு, குழாயை முழுதாகத் திறந்து அலசித்தான் பையில் கட்டுவேன்.

"மஞ்சளுக்கு முன்னாலை கிருமி நிண்டு பிடிக்குமே?" என்பார் முதலாளி அண்ணை. மனிதர் வாயில் வரும் இப்படியானவற்றைச் சேர்த்துவைப்பது என் பழக்கம். அதையும் சேர்த்துவைத்தேன்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மெதுவாகப் பேசும் பெண். பஞ்சுக் குச்சியால் கத்தி, பலகை, தராசு, தொட்டிக்குப் பக்கத்துக் கொத்தமல்லிக் கூடை எல்லாவற்றையும் தடவி எடுத்துப் போனார். வெட்டி முடிந்ததும் கொதிநீரில் கழுவும் கத்தியும் பலகையும் தப்பின. தராசிலும் கொத்தமல்லியிலும் கோழிக் குடலில் வாழும் கிருமி இருந்ததாம். பத்து நாளில் திரும்ப வருவார்; அப்போதும் இருந்தால் கோழிப் பகுதியை மூட வேண்டும். மூடினால் எனக்கு அங்கே வேலை இல்லை.

"கோழிக் கையோடை கொத்தமல்லியைத் தொட்டிருக்கிறாய், தம்பி."

"இல்லை அண்ணை. கொத்தமல்லி நீங்கள்தானே எடுத்துக் குடுக்கிறனீங்கள்."

"அப்ப கிருமி என்ன, மெத்ரோ பிடிச்சே போனது?"

அந்த நாட்களில் கிருமியை நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். பண்ணையில் ஒன்றின் எச்சத்தை ஒன்று மிதித்து நிற்கும் கோழிகள். இறகு பிடுங்கும் இயந்திரத்தில் ஒன்றின் ஈரம் மற்றதில் ஒட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குளிர் லொறியில் தூங்கியபடி பாரிசுக்குள் வருகிறது. யாரும் விசா கேட்பதில்லை.

எட்டாம் நாள் காலை கோழி அலசிக்கொண்டிருந்தேன். பாலத்தில் மெத்ரோ ஓட, சாய்ந்த வெயில் நடுங்கியபடி உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில், தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய பனி எழுந்து, மஞ்சளாக மினுங்கி, அவசரமில்லாமல் பரவுவதைக் கண்டேன். குழாயை மூடினேன். சுவரில், தராசில், கொத்தமல்லித் தண்டில் ஊசிமுனையளவு மஞ்சள் புள்ளிகள். இவ்வளவு காலமும் வெறும் கறை என்றுதான் துடைத்திருக்கிறேன்.

அண்ணையைக் கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார். அதிலும் ஒரு புள்ளி.

"இறைச்சிக்கு அடுப்பு இருக்கு, அண்ணை. கொத்தமல்லியை ஆர் அவிக்கினம்?"

அவர் கொத்தமல்லியைக் கூடையோடு தூக்கிக் குப்பையில் கொட்டினார்.

அன்றோடு கழுவுவது நின்றது. சுவர்வரை மருந்து போட்டுத் தேய்த்தோம். புதுக் கொத்தமல்லியை வாசல் பக்கம் வைத்தோம். இரண்டாம் முறை வந்த முடிவில் கிருமி இல்லை. என் கத்தி என்னிடமே இருந்தது.

புறநகர் ஓல்னேயிலிருந்து சனிதோறும் வரும் அன்ரிதான் முகம் சுளித்தார். "கழுவாமலோ தாறாய்? சரி, வீட்டை போய் நான் கழுவுறன்."

"கழுவாதேங்கோ அன்ரி. அப்பிடியே சட்டியிலை போட்டு நல்லா வேகவிடுங்கோ. மஞ்சளையும் சட்டிக்குள்ளையே போடுங்கோ."

நம்பாமல்தான் வாங்கிப் போனார். அடுத்த சனி வந்து, "கழுவேல்லை. ஆனா சட்டியிலை போடேக்கை கண்ணை மூடிக்கொண்டனான்," என்றார்.

அதையும் சேர்த்துவைத்தேன்.