அடுப்பைப் பார்த்துப் பிடித்த மலை

நோர்வேயின் லோறென்ஸ்கூக்கிலிருந்து நானும் கணவரும் ஸ்னோபோர்ட் என்னும் பனிச்சறுக்குப் பலகை பழக ஆல்ப்ஸ் மலைக்குப் போனோம். சோறு கறி சமைத்தால் செலவு குறையுமே என்று, அடுப்புள்ள விடுதியாகத் தேடிப் பிடித்தவள் நான். மலையைப் பற்றி விசாரிக்கவேயில்லை.

கம்பியில் தொங்கிப் போகும் கதிரை லிஃப்டில் உச்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, இறங்கும் பாதை எல்லாமே தேர்ந்தவர்களுக்கான செங்குத்துச் சரிவு. கீழே திரும்பும் லிஃப்டில் ஆட்களை ஏற்றவும் மாட்டார்களாம்.

"வெறுங் கதிரைதானே போகுது, ஏத்தினால் என்ன?" என்று கணவர் லிஃப்ட்காரரிடம் தமிழிலேயே கத்தினார்.

மூடுபனிக்குள் ஸ்னோபோர்டைக் கட்டிப்பிடித்து, குந்தியபடியே வழுக்கி, அழுதழுது இறங்கினேன். அன்று அந்த அடுப்பைப் பற்றவைக்க இருவருக்கும் தெம்பில்லை.

இப்போதெல்லாம் முதலில் மலையின் வரைபடத்தில், உச்சியிலிருந்து அடிவரை ஒரு சுலபமான பாதை வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். அடுப்பைப் பற்றிப் பிறகுதான் கேட்கிறேன்.