குட் மார்னிங் ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய்

ஞானகுமாரி அக்காவை வேலையை விட்டு அனுப்ப எங்கள் முதலாளி கஜபதி வளர்பிறையாகப் பார்த்துத்தான் நாள் குறித்தார். நல்ல மனசு. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்பு உதிரிப்பாகம் விற்கும் கம்பெனி எங்களுடையது. நான் பார்சல் கட்டுகிறவன். அக்கா பத்தொன்பது வருடமாக ஆவடியிலிருந்து ரயிலேறி வந்து, டீலர்கள் கேட்கும் சாமானுக்கு விலை சொல்கிறவர். சம்பளம் பதினெட்டாயிரம். கணவர் இறந்துவிட்டார். மகள் ஹெலினா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை என்று நமக்குத் தோன்றும். முதலாளிக்கு அப்படித் தோன்றவில்லை.

முகப்பேரிலிருந்து அரவிந்தன் என்பவர் வந்து, கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணில் மூன்று ஏஐ ஏஜென்ட்டுகளை மாட்டிவிட்டுப் போனார். ஒன்று செய்தியைப் படிக்கும். இன்னொன்று விலைப்பட்டியலைப் புரட்டும். மூன்றாவது, முதல் இரண்டும் ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்க்கும். அதாவது, சூப்பர்வைசர். "டீ செலவுதான் சார் ஆகும்" என்றார். யாருடைய டீ என்று முதலாளி கேட்கவில்லை. இரண்டு மாதம் இருந்து ஏஜென்ட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு அக்கா கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு. அவர் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

முதல் மாத டீ செலவு வந்தது. நாற்பத்தோராயிரம் ரூபாய்.

"இன்னாம்மா இது? நீ எதுனா அதுங்கூட பேசிகினு கீறியா?" என்று முதலாளி பாய்ந்தார்.

"எனக்கு உங்ககூட பேசவே நேரம் இல்ல சார்" என்றார் அக்கா.

அன்றைக்கே அக்கா அரவிந்தனுக்குப் போன் போட்டு, எந்தச் செய்திக்கு எவ்வளவு ஆனது என்று தெரியுமா என்று கேட்டார். "எல்லாமே பதிவாகுது மேடம். ஆனா அத யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் அவர். வேலை போகப்போகிறவர் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா முழுவதையும் பிரிண்ட் எடுத்து, மூன்று நாள் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். சோற்றுக்குக் கூட எழுந்திருக்கவில்லை.

நான்காம் நாள் முதலாளி அறையில் அக்கா அந்தக் காகிதக் கட்டை வைத்தார். லாரி ரசீதில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

"வியாபாரத்துக்கு ஆன செலவு மூவாயிரத்து இருநூறு சார். மீதி முப்பத்தேழாயிரத்து எண்ணூறும் குட் மார்னிங்."

"இன்னாது?"

"டீலருங்க காலைல அனுப்புற படம் சார். தாமரை, ரோஜா, டீ கப்பு. ஒவ்வொரு படத்துலயும் நம்ம சாமான் இருக்குதான்னு அது நாலாயிரம் ஐட்டத்தையும் மொதல்லேர்ந்து தேடுது. மூணும் மாத்தி மாத்தி. ஒரு படத்துக்குப் பதினாலு ரூபா."

ஏஜென்ட் எழுதிய பதில் ஒன்றையும் படித்துக் காட்டினார். ஒரு தாமரைப் படத்தைப் பம்புக்குள் சுற்றும் சக்கரம் என்று நினைத்து அது அனுப்பிய பதில்: 'வணக்கம். தாங்கள் அனுப்பிய எட்டு இதழ் இம்பெல்லர் இருப்பில் இல்லை. ஆறு இதழ் உள்ளது. இந்த நாள் இனிதாக அமையட்டும்.'

நான் சிரிப்பை அடக்க லாரி ரசீதைப் படித்தேன்.

"எவன்மா அது, ரொம்ப அனுப்புறவன்? பேரச் சொல்லு, நம்பரத் தூக்கிடலாம்."

"நீங்கதான் சார். கம்பெனி நம்பருக்கும் ஒரு நாளைக்கு இருபது படம் போடுறீங்க. மாசம் எட்டாயிரத்து நானூறு."

முதலாளி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பத்து வருசமா உங்க எல்லாருக்கும் போட்டுகினு கீறேன். உங்கள்ல ஒருத்தராவது திருப்பி ஒரு கும்பிடு போட்டீங்களா? அது ஒண்ணுதான் பதில் சொல்லிச்சு."

எட்டு வருடம் முன்பே அவரை மியூட்டில் போட்டவன் நான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் உத்தரவு வந்தது. இனிமேல் ஏஜென்ட் எழுத்தை மட்டும் படிக்கும். படம் எதுவும் அதனிடம் போகாது. தினமும் செலவைப் பார்த்து எழுதிவைக்கவும், வருகிற படங்களுக்கெல்லாம் பதில் சொல்லவும் ஞானகுமாரி வேலையில் தொடர்வார்.

இப்போது ஆவடியில் ரயில் ஏறியதும் அக்கா போனை எடுக்கிறார். முதலாளியின் இருபது படங்களுக்கும் இருபது கும்பிடு போட்டு முடிக்கையில் அம்பத்தூர் வந்துவிடுகிறது. பத்தொன்பது வருடம் தப்பில்லாமல் விலை சொன்னதால் அவர் வேலை நிலைக்கவில்லை. அந்த ஏஜென்ட் முப்பத்தேழாயிரத்து எண்ணூறுக்குச் சொன்ன குட் மார்னிங்கைப் பதினெட்டாயிரத்துக்குச் சொல்கிறார், அதனால் நிலைத்தது.

நானும் மியூட்டை எடுத்துவிட்டேன். பார்சல் கட்ட என்ன செலவாகிறது என்று முதலாளி நேற்றுத்தான் விசாரித்தாராம்.