வாய்க்கரிசி விழுந்த டியூபா

பள்ளிக்கூட பேண்ட் குழுவில் என் மகள் ஊதுவது கனமான பி-ஃபிளாட் டியூபா, மடியில் ஏற்றி ஊதும் பெரிய பித்தளைக் குழல். கொழும்பில் ஓர் இளையோர் இசைக்குழுவின் தேர்வுக்குக் கொடுத்திருந்த பாட்டோ உயர்ந்த சுரங்களில் ஏறியது. அதற்குச் சுருதி உயர்ந்த எஃப் டியூபாதான் வேண்டும். "சொந்தமா ஒண்ணு இல்லாம போறதா இருந்தா நேரத்த வீணாக்காதீங்க" என்று அவளுடைய ஆசிரியர் என்னிடமே சொல்லிவிட்டார்.

கொழும்புக் கடையில் புதியதன் விலையைக் கேட்டதும் என் கணவர், "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றார். பக்கத்தில் மலிவாக ஓர் ஈ-ஃபிளாட் இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றான் கடைக்காரன். மகள் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்து ஊதினாள். இரண்டும் ஒன்றில்லை.

நோர்வூட்டில் பேண்ட் குழு நடத்திய ஒருவரிடம் எஃப் கிடைத்தது. வால்வுகள் வழுக்கிக்கொண்டு சுழன்றன. சிறு குழாயைச் சற்று உருவிவிட்டு வால்வை அழுத்தினால் 'டப்' என்று கேட்க வேண்டும், கேட்டது. காற்றுக் கசிவு இல்லை. விலையும் எங்கள் கைக்கு எட்டியது. ஏன் என்று அவரே சொன்னார்.

"மறைச்சு விக்க மாட்டேன் டீச்சர். கல்யாணத்துக்கு இப்ப டிஜே கூப்பிடுறாங்க. இது பொணத்துக்கு முன்னால போன சாமான்."

மகள் அதற்குள் அதை மடியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் என் நாத்தனார் குடியிருக்கிறாள். அன்றே வாசலில் வந்து நின்றாள். "என்ன அண்ணி, வாத்தியம் வாங்குனீங்களா, பாடைய வாங்குனீங்களா?" அவள் பிள்ளைகள் மகளைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு எந்த வீட்டுல?" என்று கேட்டார்கள்.

தேர்வுக்கு முதல் நாள் வீட்டுச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு நாங்கள் ஹட்டன் போய்த் திரும்பினோம். முன்னறையில் நிமிர்த்தி வைத்திருந்த டியூபாவை மகள் தூக்கினாள். உள்ளே மழை பெய்வதுபோல் சத்தம். சாய்த்தாள். அரிசி கொட்டியது.

"வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சு" என்றாள் பின்னாலேயே வந்த நாத்தனார். "நம்ம மொறைய செய்ய வேணாமா? மூணு தடவ போட்டேன்."

முதலில் சிரித்தது என் கணவர்தான். மகளின் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினார்.

குலுக்கினோம், தட்டினோம். கடைசியில் பதற்றத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அரிசியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று தினமும் சோறு வடிக்கிற எனக்குத் தெரியாதா?

கொழும்பில், பாட்டின் நடுவில் மூன்றாவது வால்வு இறுகிவிட்டது. மகள் குழாயை உருவி, விரலை விட்டு, ஊதிப்போன ஒரு பருக்கையை எடுத்தாள். அது என்னவென்று மேசையிலிருந்த நடுவர்கள் கேட்டார்கள். சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. பிறகு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை.

செய்தி தெரிந்ததும் நாத்தனார் வந்தாள். "அதான் ஆகலியே. நோர்வூட்டுக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. நாளைக்கு நமக்கே தேவைப்படும்."

"குடுக்க மாட்டேன் அத்தை" என்றாள் மகள், வால்வுக்கு எண்ணெய் விட்டபடி. "ஒங்களுக்கு நானே ஊதுறேன்."

விளையாட்டுத்தானே என்பதுபோல் நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். நான் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.