மணம் போன மாதம்

வெங்காயம் கருகுவதை அன்று அண்ணிக்குக் கண்தான் சொன்னது. அடுப்புக்கு முதுகைக் காட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் எதற்கோ திரும்பினாள். வாணலியிலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. பாய்ந்து போய் அணைத்தாள். கருகிய வெங்காயத்தைக் கரண்டியில் அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். சூடுதான் ஏறியது. வினிகர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். கண் எரிந்தது, மூக்கு சும்மா இருந்தது.

முந்தின வாரம் ஒரு சளி அவளைப் படுத்தி எடுத்திருந்தது. சளி போய்விட்டது. போகிற போக்கில் இதையும் கொண்டுபோய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அவளை முதலில் அண்ணி என்று கூப்பிட்டது நாத்தனார்தான். பிறகு கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்குக்கூட, அவள் அண்ணியாகிவிட்டாள். கடை மாமனார் வைத்தது. சீஸ், ஆலிவ், புகையில் வாட்டிய மீன், அன்றன்று சுட்ட ரொட்டி என்று நாக்கு நீண்டவர்கள் தேடி வருகிற சின்னக் கடை. விருந்துகளுக்கு ஆர்டர் எடுத்துச் சமைத்தும் அனுப்புவார்கள். மாமனாருக்குப் பிறகு கல்லாவும் ஆர்டர்களும் நாத்தனார் கைக்கு வந்தன, பின்பக்கத்து அடுப்படி அண்ணி கைக்கு வந்தது. அண்ணியின் கணவர் வேன் ஓட்டினார். நாத்தனாருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் இன்னமும் அவள் பாப்பாதான்.

அடுப்படி மொத்தமும் அண்ணியின் மூக்கை நம்பித்தான் நடந்தது. மீன்காரர் பெட்டியைத் திறப்பதற்குள், "இது நேத்து வந்ததுங்க" என்பாள். அவள் வருவது தெரிந்தாலே அந்த மனிதர் உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வருவார். கிரீம் டப்பாவின் மூடியை ஒரு விரற்கடை தூக்கிவிட்டு, "இன்னிக்கே தீத்துடணும்" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் கடையில் வேறு யாரும் எதையும் முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு மூக்கு செத்துப்போனது வருஷக் கடைசியில். ஊரெல்லாம் விடுமுறை. அலுவலகங்களில் விருந்து, வீடுகளில் விருந்து, யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு பரிசுக் கூடை. கடைக் கண்ணாடிக் கதவு சாத்தவே நேரமில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கூடைகளுக்கான அட்டைப் பெட்டிகள் மாடிப்படி, நடைவழி, குளிர்பெட்டியின் பக்கவாட்டு என்று இடுக்கு விடாமல் அடுக்கப்பட்டிருந்தன. இந்த நேரத்தில் போய், எனக்கு மணம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஆர்டர்களை யார் நம்பி அனுப்புவது? அதையும் தாண்டி ஒரு பயம் இருந்தது. மூக்கு போன பிறகு இந்தக் கடையில் எனக்கு என்ன வேலை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறைத்தாள். உப்பும் புளிப்பும் நாக்குக்கு எட்டின. மற்றதையெல்லாம் கைப்பழக்கத்தில் ஓட்டினாள். சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கணவரிடம் நீட்டுவாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"நல்லாருக்கே."

வறுத்த காகிதத்தைக் கொடுத்தாலும் அதையேதான் சொல்லக்கூடிய மனிதர். அதனால் கதவிடுக்கு வழியே வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ருசி பார்க்க வைத்த துண்டை யாராவது வாயில் போட்டுப் புருவத்தைச் சுருக்கினால் அவள் உள்ளே போய் அதையே மறுபடி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பெரும்பாலும் அவர்கள் வீட்டுக் கவலையில் சுருக்கியிருப்பார்கள். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டிலும் நிம்மதியில்லை. கேஸ் குமிழை மூடிவிட்டு நாலடி போய் மறுபடி வந்து திருகிப் பார்ப்பாள். சேலையில் வியர்வை நாறுகிறதோ என்று ஆட்களிடமிருந்து தள்ளியே நின்றாள். ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போய் வந்தாள். அவர் மூக்கில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "திரும்பி வரலாம்மா, வராமலும் போகலாம். அவசரப்பட்டு ஒண்ணும் ஆகாது" என்றார். அவசரம் எனக்கா, வருஷக் கடைசி ஆர்டர்களுக்கா என்று கேட்க நினைத்து, கேட்காமலே எழுந்து வந்தாள்.

வக்கீலம்மா வீட்டு விருந்தன்று அது நடந்தது.

வக்கீலம்மா கடையின் பழைய வாடிக்கை. சொந்தபந்தம் எல்லாம் கூடுகிற விருந்து, சாயங்காலம் ஆரம்பம். புகை மீனைக் கிரீமோடு அரைத்துக் குளிரவைத்த மீன் விழுதுதான் அவர் எப்போதும் முதலில் கேட்பது. அண்ணி அதை முந்தின நாளே அரைத்து, பெரிய பீங்கான் கிண்ணங்களில் வழித்து, பின்னறைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். காலையில் அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை. எட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் சரிந்து, பிளக்கைச் சுவரிலிருந்து நெம்பித் தள்ளியிருந்தன.

எப்போது விழுந்தது? ஒரு மணி நேரம் முன்பா, ராத்திரி கடை பூட்டிய கையோடா? வெண்ணெய்க் கட்டியைத் தொட்டாள். விரல் பதிந்தது. கிண்ணத்தைத் தூக்கி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். மூக்கு நுனி விழுதில் தோய்கிற அளவுக்குக் குனிந்தாள். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

கொட்டியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கொட்டினால், ஏன் என்று பாப்பா கேட்பாள். "நீங்க முகர்ந்து பாத்தீங்களா, என்ன சொல்லுது?" என்பாள். அண்ணி பிளக்கைச் சொருகினாள், பெட்டிகளை நகர்த்தினாள், கதவைச் சாத்தினாள். மத்தியானத்துக்குள் கிண்ணங்கள் ஜில்லென்று ஆகிவிட்டன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

வேனில் ஏற்றும்போது பாப்பா கேட்டாள். "அண்ணி, மீன் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு."

வேன் போய்விட்டது. அவள் ஈரத்துணியை எடுத்துத் துடைத்த மேடையையே துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கல்லாவிலிருந்து பாப்பா சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"வக்கீலம்மாதான் போன்ல. அவங்க அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டாராம். ஒரு மாசமா கஞ்சிதானாம். காலைலேர்ந்து உங்க மீனைக் கேட்டுக் குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறாராம்!"

அண்ணி ஈரத்துணியைக் கீழே போட்டாள். "பாப்பா, இங்க வா" என்றாள்.

உள்ளே வந்த பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சளி, வெங்காயம், பிளக், வெண்ணெய். கேட்கக் கேட்கப் பாப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தது.

"எத்தனை நாளா?"

"மாசம் ஆகப்போகுது."

"என்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா உங்களுக்கு? நான் என்ன மூணாம் மனுஷியா?"

"பயமா இருந்துச்சு பாப்பா."

"இப்ப எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாப்பா போனை எடுத்தாள். அண்ணன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எப்போதும் எடுப்பதில்லை, அதில் அவருக்குப் பெருமை வேறு. வக்கீலம்மாவின் எண் மணியடித்து மணியடித்து நின்றது. விருந்து வீட்டில் போன் எந்த மூலையில் கிடக்கிறதோ.

கல்லா முன்னால் கூட்டம் நின்றது. பாப்பா அத்தனை பேரையும் கும்பிட்டு வெளியே அனுப்பி ஷட்டரை இழுத்தாள். அந்தப் பருவத்தில் அந்த நேரத்தில் கடை ஷட்டர் இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. அவளுடைய ஸ்கூட்டரில் அண்ணி பின்னால் ஏறினாள். சாலை முழுக்கக் கார், காருக்குள் குழந்தைகள், பரிசுப் பொட்டலங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் பாப்பா காலை ஊன்றி நின்று, "போங்கய்யா, போங்க" என்று யாரையோ கெஞ்சினாள். அண்ணியின் கண்ணுக்குள் ஒரு கிழவர் ரொட்டித் துண்டில் விழுதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

போனபோது வீட்டு வாசலில் வேன் காலியாக நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்கள். கூடத்து நீள மேசையில் கிண்ணங்கள் வைத்தாகிவிட்டன. விருந்தாளிகள் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த கையில் ஒரு பிஸ்கட், அதன்மேல் கோபுரமாக மீன் விழுது. வாய் திறந்திருந்தது.

அண்ணி அதைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏம்மா!" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணுதானே சாப்பிட்டேன், அதுக்குள்ளயா?"

ஒன்று உள்ளே போய்விட்டது.

வக்கீலம்மா சத்தம் கேட்டு வந்தார். பாப்பா, குளிர்பெட்டி நின்றுபோனதைச் சொன்னாள். அண்ணி முன்னால் வந்தாள். "எனக்கு மணம் தெரியறதில்லைங்க. கெட்டிருக்கான்னு தெரியாமலே அனுப்பிட்டேன்" என்றாள். வக்கீலம்மா திட்டவில்லை. அப்பாவையும் கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணிக்குத் தோன்றியது.

கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் கொட்டுவதற்கு முன் பாப்பா ஒரு கிண்ணத்தை முகர்ந்தாள். அண்ணனிடம் கொடுத்தாள், அவரும் முகர்ந்தார்.

"என்ன வருது?" என்றாள் அண்ணி.

"மீன் வருது. கெட்டதா நல்லதான்னு எனக்குத் தெரியலையே அண்ணி. நீங்க இருக்கீங்கன்னு நான் எதையுமே முகர்ந்து பழகல."

கணவர் தயங்கித் தயங்கி, "நல்லாத்தான் இருக்கிற மாதிரி..." என்றார். பாப்பா அவரை முறைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் கடை போன் ஒலித்தபோதெல்லாம் அண்ணி கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். சமைத்தாள், ஆனால் பாப்பா முகர்ந்து தலையசைக்காமல் ஒரு தட்டும் வெளியே போகவில்லை. பெரியவர் எப்படி இருக்கிறார் என்று தானாகப் போன் செய்து கேட்க அண்ணிக்குத் தைரியம் வரவில்லை. ஒரு தடவை எண்ணை முழுவதும் அழுத்திவிட்டு, மணியடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

கடைசியில் பெரியவரே கூப்பிட்டார். பாப்பா போனை அண்ணி காதில் வைத்தாள்.

"நீதானேம்மா என் கையிலேர்ந்து பிடுங்கினது?"

"ஆமாங்கய்யா. உங்க உடம்பு..."

"உடம்புக்கு என்ன, இருக்குது. அது அருமையா இருந்துச்சு. மிச்சத்தை எப்ப கொண்டு வரே?"

அண்ணி போனைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். ஆறுதல்தான். ஆனாலும் அந்த மீன் கெட்டிருந்ததா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு வாய் விழுங்கியவர் தப்பித்தது மீன் நன்றாக இருந்ததாலா, ஒரு வாயோடு நின்றதாலா? அதை யாரிடம் போய்க் கேட்பது?

வக்கீலம்மா அதன்பிறகு ஆர்டர் தரவில்லை. அப்பாவுக்கு மட்டும் அவ்வப்போது ஒரு சின்னக் கிண்ணம் வாங்கிப் போவார், பேச்சு அதிகம் வைத்துக்கொள்ள மாட்டார்.

வெயில் காலத்தில் அண்ணிக்கு மணம் கொஞ்சம் திரும்பியது, ஆனால் கோணலாக. காபி டயர் எரிவது போலிருந்தது. எலுமிச்சை மட்டும் எலுமிச்சையாகவே வந்தது. மீன் வரவேயில்லை. பாப்பா விடிகாலையில் அவளோடு மீன்காரரிடம் போய்ப் பழகினாள். ஆரம்பத்தில் குமட்டிக்கொண்டு ஓடியவள், பிறகு பெட்டிக்குள் முகத்தை விடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அடுத்த வருஷக் கடைசி வந்தது. முதல் பெரிய விருந்துக்கான கிண்ணங்கள் வேனுக்குக் காத்திருந்தன. பாப்பா ஒவ்வொன்றாக முகர்ந்து, "நல்லாருக்கு" என்றாள்.

"இன்னொரு தடவை பாரு."

"பாத்தேனே அண்ணி."

"எனக்காகப் பாரு பாப்பா."

பாப்பா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி குனிந்தாள். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.