எதிரிக்கு அவித்த குடிநீர்

உங்கள் எதிரிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கேள்விப்பட்டால் என்ன செய்வீர்கள்?

சந்தோஷப்படுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்தச் சந்தோஷம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூட நிலைக்கவில்லை. எதிரியின் மனைவி வந்து கதவைத் தட்டிவிட்டார்.

முதலில் எதிரியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளட்ஸின் கமிட்டி பிரசிடென்ட், ஞானசேகரம் அண்ணை. ரிட்டயர்ட் என்ஜினியர். நல்ல மனிதர்தான் — கையில் மைக் இல்லாத வரைக்கும். குடியிருப்பது கடைசி மாடியில். அவருடைய ஹோலுக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், என்னுடைய மூலிகைச் சட்டிகள்.

சட்டி என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பெயின்ட் வாளி, ஓட்டை விழுந்த ரைஸ் குக்கர், யாரோ எறிந்த குழந்தை குளிக்கும் டப்... எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று முளைத்திருக்கும். கற்பூரவள்ளி, துளசி, தூதுவளை, வல்லாரை. நடுவில் என் செல்லம், ஆடாதோடை. காலையில் மேலே ஏறி, கடல் காற்றில் உப்புப் படிந்த இலைகளைக் கழுவிவிட்டால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். அவற்றின் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பொறாமையோடு சொல்வார்.

அண்ணையின் சீலிங்கில் ஈரக்கறை. என் வாளித் தண்ணீர்தான் காரணம் என்கிறார் அவர். மழைத் தண்ணீர் என்கிறேன் நான். (மழையே இல்லாத மாதத்திலும் கறை பெருத்தது உண்மைதான். ஆனால் அதைப்பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லையே?) கடைசியில் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டம். விஷயம் — மொட்டை மாடியிலிருந்து சகல சட்டிகளையும் அகற்றுவது.

அந்த ஞாயிறுக்கு முதல்நாள்தான் அவருக்குக் குரல் போனது.

கதவைத் திறந்தால், கையில் வெறும் ஃபிளாஸ்க்கோடு அவருடைய மனைவி மனோ அக்கா.

“தங்கச்சி, இவருக்குத் தடிமன் பிடிச்சுத் தொண்டை கட்டிப்போச்சு. சத்தமே வருதில்லை. பார்மசி சிரப்பைக் குடிச்சால் இருந்த இடத்திலயே நித்திரை கொள்ளுறார். நாளைக்கு மீட்டிங்கில கதைக்கவேணுமெண்டு ஒரே அந்தரம். உங்கட ஆடாதோடையில ஒரு குடிநீர் அவிச்சுத் தருவீங்களோ?”

துணிச்சலைப் பாருங்கள். என் செடியை அகற்றச் சொல்லிப் பேசுவதற்கு, என் செடியிலேயே மருந்து.

“அண்ணைக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் தொடவும் மாட்டார். புறக்கோட்டையில ஒரு கடையில வாங்கினதெண்டு சொல்லுறன். நீங்களும் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். வேறு என்ன செய்வது? அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால், வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“உனக்கென்ன விசரோ? அந்த மனிசன் நாளைக்குக் கதைக்காட்டில் உன்ர வாளியள் தப்பும்.”

அது எனக்குத் தெரியாதா என்ன?

குடிநீர் என்கிற கஷாயம், சும்மா இலையைக் கொதிக்கவைப்பது இல்லை. ஆடாதோடை இலை, கற்பூரவள்ளி, தட்டின சுக்கு, மிளகு, திப்பிலி, ஒரு கை கொத்தமல்லி. எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, அது ஒரு பங்காக வற்றும்வரை மெல்லிய நெருப்பில் அவிக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் அது மருந்தில்லை, பச்சைத் தண்ணீரின் தம்பி.

இதில் ஒரு சிக்கல். ஃபிளட்ஸில் மீன் பொரித்தால் பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் மணக்கும். ஆடாதோடை அவித்தால் லிஃப்ட் ஏறி எல்லா மாடிக்கும் போய்விடும். பாதி வற்றுவதற்குள் மூன்றாம் மாடி ஃபரீனா வந்து நின்றாள். தன் மகளின் இருமலுக்கு என் கற்பூரவள்ளியையே நம்பியிருப்பவள்.

“யாருக்கு ஆன்டி சொகமில்ல?”

வாக்குக் கொடுத்தவள் நான்; கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றேன். ஃபரீனாவின் கண் மேசைக்குப் போனது.

“இது மனோ ஆன்டிட ஃபிளாஸ்க் தானே... அப்ப பிரசிடென்டுக்கா?”

கதிரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். “எங்கட ஊட்டுல சென்னா எல ஈக்குது ஆன்டி. ஒரு புடி போட்டு அவிச்சிக் குடுங்க. நாளைக்குப் பகல் வரைக்கும் மனிசன் பாத்ரூமை விட்டு வெளிய வர மாட்டாரு.”

சென்னா என்றால் நிலாவாரை. அளவோடு குடித்தால் வயிற்றைச் சுத்தம் செய்யும். ஒரு பிடி என்றால் ஆளையே கழுவிவிடும்.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். கறுத்துக் கிடக்கும் குடிநீரில் எது எந்த இலை என்று எந்த என்ஜினியர் கண்டுபிடிப்பார்? கூட்டம் தள்ளிப்போகும். என் ஆடாதோடை பிழைக்கும். ஆனால் கரண்டியைப் பிடித்திருந்த கை ஒத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாம் பிள்ளை. மருந்தெண்டு கேட்டு வந்தவைக்கு மருந்துதான் குடுக்கவேணும்.”

சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நல்லவளாக இருப்பது கஷ்டம்தான். பக்கத்தில் பார்க்க ஒரு ஆள் இருந்தால் அந்தக் கஷ்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஞாயிறு காலை. கார் பார்க்கில் பிளாஸ்டிக் கதிரைகள். அண்ணை எழும்பித் தொண்டையைச் செருமினார். மருந்து வேலை செய்திருக்கக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டினேன். அடுத்த நொடியே, வேலை செய்யாவிட்டால் என் கைக்கு என்ன மரியாதை என்றும் கவலைப்பட்டேன். இரண்டையும் ஒரே பிள்ளையாரிடம்தான் கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

குரல் வெண்கலமாக வந்தது. சிலாப், வாட்டர் புரூஃபிங், டெங்கு நுளம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். கடைசியில் நெஞ்சில் கை வைத்தார்.

“நேற்றைக்கு எனக்குச் சத்தமே இல்லை. மனிசி புறக்கோட்டையில ஒரு கடையில குடிநீர் வாங்கித் தந்தா. இப்ப நீங்களே கேக்கிறியள் என்ர குரலை. இப்பிடித் திறமான மருந்தெல்லாம் கடையில வாங்கலாமெண்டால், எங்கட தலைக்கு மேல ஏன் ஒரு காடு?”

கைதட்டல்.

நான் அவித்த குடிநீரே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. மனோ அக்கா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபரீனா பொங்கி எழப் போனாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இருத்தினேன். வாக்குக் கொடுத்தாயிற்றே. வோட்டுக் கேட்டபோது எங்கள் பக்கம் உயர்ந்தவை என்னுடைய, வீட்டுக்காரருடைய, ஃபரீனாவுடைய கைகள் மட்டும்தான். மனோ அக்காவின் கை எந்தப் பக்கமும் உயரவில்லை.

அன்று பின்னேரமே வாளிகள் லிஃப்டில் இறங்கின. ஆடாதோடை ஃபரீனாவின் பல்கனிக்குப் போனது. அங்கே காலையில் கொஞ்சம்தான் வெயில். மற்றவை படிக்கட்டுக்குக் கீழே, வெயிலே இல்லாமல். மொட்டை மாடிக் கதவில் பூட்டு. அன்றைக்கு நான் அழுதேன். வாளிக்கா அழுதாய் என்று சிரிக்காதீர்கள். தினமும் தண்ணீர் ஊற்றின கைக்குத்தான் தெரியும்.

படிக்கட்டுக்குக் கீழே துளசி முதலில் போனது. பிறகு தூதுவளை. அதற்குள் மழைக்காலம் வந்தது... அண்ணையின் இருமலும் வந்தது. இரவு முழுக்க அவர் இருமுவது ஃபிளட்ஸ் முழுக்கக் கேட்டது. காலையில் மனோ அக்கா கதவடியில் நின்றார்.

“அதே கடையில வாங்கட்டாம் தங்கச்சி. வேற ஒண்டும் தொண்டைக்குள்ள இறங்காதாம்.”

“அந்தக் கடை பூட்டுற நிலைமையில இருக்கு அக்கா” என்றேன், முகத்தை மிகவும் அப்பாவியாக வைத்துக்கொண்டு. “வெயில் படாத இடத்தில அந்த வியாபாரம் ஓடாது.”

அக்கா என்னையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

ஃபரீனாவின் பல்கனிக்குப் போய், ஆடாதோடையில் மிஞ்சியிருந்த இலைகளைப் பறித்து வந்து அவித்துக் கொடுத்தேன். இருமுகிறவருக்கு மருந்து இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஃபிளாஸ்க்கை நீட்டும்போது, “கடைசிச் சரக்கு இதுதான் எண்டு மறக்காமல் சொல்லுங்கோ” என்றேன்.

என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ... அந்தக் கிழமையே லிஃப்டில் புது நோட்டீஸ். அடியில் தட்டும், நிலத்தில் படாத ஸ்டாண்டும் இருந்தால் மொட்டை மாடியில் சட்டிகள் வைக்கலாமாம். தட்டின் ஆழம், ஸ்டாண்டின் உயரம் எல்லாம் அளவோடு இருந்தது. காரணம் மட்டும் எழுதியிருக்கவில்லை.

ஆடாதோடை மேலே போய் இப்போது துளிர்த்துவிட்டது. தட்டு வைத்த பிறகு அண்ணையின் சீலிங்கும் காய்ந்துவிட்டதாக மனோ அக்கா சொன்னார். நான் உடனே வேறு கதைக்கு மாறிவிட்டேன்.

நேற்று லிஃப்டில் அண்ணையும் நானும் மட்டும். கதவு மூடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மாறுகிற மாடி நம்பரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பிள்ளை, அந்தப் புறக்கோட்டைக் கடைக்காரியைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. மருந்து திறம். கசப்பை மட்டும் கொஞ்சம் குறைக்கேலாதோ எண்டு கேட்டதாச் சொல்லுங்கோ.”

கடைக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன். முடியாதாம்.