பாதிச் சவரத்தில் எடுத்த போன்

ஓர்ஸ் ஹில் சலூனில் எனக்குச் சவரம் செய்தவர் ஒருகாலத்தில் இயக்கத்தில் போராளியாக இருந்தவர். ஒற்றைக் கண். கத்தி கழுத்துக்கு வந்தால் கதையை நிறுத்திவிடுவார். எனக்கு அதுவே பயம். என் மகனோ அறையைப் பூட்டிக்கொண்டு யாரோடோ போனில் குசுகுசுக்கிறான். யாரிடம் போய்ச் சேரப்போகிறானோ என்று எனக்கு நித்திரையே இல்லை.

"நீங்கள் ஏன் இயக்கத்துக்குப் போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆமி அடிச்சது, வேலை இல்லை, எல்லாம்தான் அண்ணை. ஆனா நான் வாய் திறந்தா அப்பா 'பொத்தடா' எண்டுவார். இயக்கக்காரர்தான் முதல்முதல் 'நீர் என்ன நினைக்கிறீர்?' எண்டு கேட்டவை."

'பொத்தடா' என்பது நான் தினமும் மகனுக்குச் சொல்வது. பாதிச் சவரத்தோடு அவனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நீர் என்ன நினைக்கிறீர்?"

"அப்பா, எந்த ஆஸ்பத்திரியில நிக்கிறீங்கள்?"

சலூன்காரர் சிரிக்கவில்லை. "போனை வையாதேங்கோ. திரும்பக் கேளுங்கோ" என்று கத்தியை மடித்துவிட்டுக் காத்திருந்தார்.