பச்சைக் கை போட்ட கணக்கு

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பது ஒரு பேய் என்று நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை, முழு மனதோடு. அது பெண் பேய், புளியங்குடியில் இருக்கிறது, கணக்கில் கெட்டி என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. அலுவலகத்தில் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் யாரோ இருமுகிறார்கள் என்று கிளப்பிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரைத் துணையில்லாமல் அந்தப் பக்கமே போகவிடாமல் செய்தவன் நான். எனக்கே இந்தக் கதி.

காலாண்டுத் தேர்வில் மகள் கணக்கில் தோற்றிருந்தாள். அரையாண்டிலும் அப்படியே ஆனால் பதினொன்றில் கணக்குப் பிரிவைக் கேட்டு வராதீர்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, போனோடு அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருகிட்டட்டி பேசுத?"

"புளியங்குடிக்காரி. என் கிளாஸ்தான். அவளுக்கு ஹிஸ்டரி வராது, எனக்கு அல்ஜீப்ரா வராது. வீடியோ கால்ல மாத்தி மாத்திச் சொல்லிக்கிடுதோம்."

நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. தினமும் அந்த அறையிலிருந்து இரண்டு பிள்ளைகளின் குரல் வரும். பாதி பாடம், பாதி சிரிப்பு. ஒருநாள் அதில் ஒரு குரல் நின்றுபோனது. என் மகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்பாள், சும்மா இருப்பாள், பிறகு "ஆங், சரி" என்பாள். இடையில் என்ன நடக்கிறது என்பது வெளியில் இருந்த எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கு நோட்டில் தப்புகள் குறைந்துகொண்டே வந்தன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடும்போது பேசுவதே கேட்காது. அவை நின்றுவிட்டால் ஊரே மூச்சை நிறுத்திக்கொண்டதுபோல இருக்கும். உச்சி வெயில். மனைவி மேலநீலிதநல்லூருக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தவன் மகளின் அறைவாசலில் நின்றுவிட்டேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அவள் கிசுகிசுத்தாள்.

"கைதியாப் புடிச்சிட்டு வாரப்ப அந்தப் பாளையக்காரரு, கும்பிட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டு நம்ம கோயிலுக்குள்ள போனாரு. வெள்ளக்காரன் வெளிய காவலுக்கு நின்னான். வெலங்கு மட்டும் அத்து வுழுந்து கெடந்துச்சு. ஆளக் காணல. வெளிச்சத்தோட கலந்துட்டாருன்னு சொல்லுதாவ. இது புஸ்தகத்துல இல்ல, ஆனா இதச் சொன்னாத்தான் ஒனக்கு அந்தப் பாளையக்காரர் பாடம் மறக்காது. புரிஞ்சுதுன்னா ரெண்டு தட்டு தட்டு."

டொக். டொக்.

சத்தம் போனிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் மனிதர் யாரும் இல்லை. வெளிச்சம் குறைந்த ஓர் அறை. மூலையில் எலுமிச்சம்பழங்கள் குவியலாகக் கிடந்தன. மேலே வேப்பங்குழை தொங்கியது. எலுமிச்சையும் வேப்பிலையும் இருட்டும் ஒரே இடத்தில் கூடினால் அங்கே என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சரி, இப்பக் கணக்கு" என்றாள் மகள், ஏதோ ட்யூஷன் அக்காவிடம் பேசுவதுபோல. "எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் பன்னெண்டு ஈக்வல் டு ஜீரோ. மொத எக்ஸ் எவ்வளவு?"

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. கை மட்டும். பச்சை நிறம். விரல் நுனி முதல் முழங்கை வரை பாசி பிடித்ததுபோலப் பச்சை. அதுவும் வெடித்து வெடித்து இருந்தது. அந்தக் கை கீழே இருந்த பலகையைத் தட்டியது. டொக். டொக். டொக். டொக்.

"நாலு. இன்னொண்ணு?"

நகம் பலகையில் கர்ரென்று ஒரு கீறு கீறியது. பிறகு மூன்று தட்டு.

"மைனஸ் மூணு" என்று எழுதிக்கொண்டாள்.

உடம்போடு இருந்த எத்தனையோ பேர் எனக்கு அல்ஜீப்ரா சொல்லித்தர முயன்று தோற்றிருக்கிறார்கள். உடம்பே இல்லாத ஒன்று என் மகளுக்கு இவ்வளவு எளிதாகச் சொல்லித்தருகிறது. இதற்குக் கூலியாக அது என்ன கேட்கும்?

பூஜை அலமாரிக்கு ஓடினேன். கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் இருந்தது. என் நெற்றியில் ஒரு தீற்று தீற்றினேன். கதவு நிலையில் ஒன்று. பிறகு, ஆபத்து எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று யோசித்து, கூடத்தில் இருந்த ரவுட்டரின் தலையிலும் நன்றாகப் பூசினேன். அது பச்சை விளக்கைக் கண்போல இமைத்தது. அதுவும் பச்சை. ஸ்விட்சை அணைத்து வயரையும் பிடுங்கினேன்.

விளக்கு செத்தது. வீடு அமைதியானது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

டொக். டொக்.

இணைப்பையே பிடுங்கிவிட்டேன், தட்டு நிற்கவில்லை. இதற்குமேல் ஒரு தகப்பன் வெளியே நிற்கக் கூடாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் போனைப் பறித்தேன். நேருக்கு நேர் கேட்டால் பேய் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

"யாரு நீ? ஒனக்கு என்ன வேணும்?" என்றேன். அதட்டலாகச் சொல்ல நினைத்தது கீச்சென்று வந்தது.

கை மறைந்தது. இலைகள் சரசரத்தன. பிறகு பச்சைக் கை மறுபடி வந்தது. அதில் ஒரு புத்தகம் விரிந்திருந்தது. சமூக அறிவியல். பாளையக்காரர் பாடம். இருட்டுக்குள்ளிருந்து காய்ந்த ஓலையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"யப்பா! அவ சிரிக்கா!" மகள் எழுந்து நின்றாள். "நெத்தியில என்னதுப்பா மண்ணு? போனக் குடுங்க."

"ஏட்டி, அந்தக் கை..."

"அவளுக்கு அம்ம போட்டிருக்கு. தொண்டைக்குள்ளயும் கொப்புளம், பேச முடியல. மேலெல்லாம் வேப்பெலையும் மஞ்சளும் அரச்சுப் பூசியிருக்காவ. அந்தக் கையோட போன எப்படித் தொடுவா? அதான் தட்டுதா."

"எலுமிச்சம்பழம்?"

"அவங்க அப்பா லெமன் யாவாரிலா. தனியாப் படுக்க அந்த ரூம்தான் இருந்துச்சு."

"நான் ரவுட்டரப் புடுங்கிட்டேனே, பெறகு எப்படி..."

"போன்ல நெட்டு கெடக்குப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ஒங்ககிட்டயா? சாயங்காலத்துக்குள்ள பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். மூஞ்செல்லாம் தழும்பு, ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். இருட்டிலிருந்து இரண்டு தட்டு வந்தது.

"என்ன சொல்லுதா?"

"புரிஞ்சுதான்னு ஒங்கள கேக்கா."

நானும் மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே வந்தேன். ரவுட்டரில் இருந்த மண்ணைத் துடைத்து வயரைச் செருகினேன். அந்தப் பிள்ளைக்கு அம்மை வந்ததை அலுவலகத்திலும் சொல்லவில்லை, டீக்கடையிலும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இப்போது சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பியது. அரையாண்டுத் தேர்வில் அவள் வரலாற்றில் தேறினாள். என் மகள் கணக்கில் தேறினாள்.